துருத்தண்ணீர்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் தனபால் கொல்லைப்பக்கம் போய், சாக்கின் மேல் கவிழ்த்து வைத்திருந்த மொபெட்டின் பெட்ரோல் டேங்கை நிமிர்த்தி, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே மறுபடியும் சிவந்திருந்தது. நேற்று சாயங்காலம் புதுத் தகரம்போல மின்னிய அடிப்பாகம் முழுவதும் ஆரத்தி கரைத்து ஊற்றிக் காயவிட்ட மாதிரி செம்மை படர்ந்து கிடந்தது. விரலை விட்டுத் தடவினார். விரல் சிவந்தது. முதலில் கண்ணைச் சந்தேகப்பட்டார், அப்புறம் துரு போக ஊற்றிய புளியை, அப்புறம் டேங்கை. தண்ணீரைச் சந்தேகப்படக் கடைசியில்தான் தோன்றியது. இந்த ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா. உப்பளத்தில் பம்ப் இன்ஜின் ஓட்டியே தலை நரைத்தவர். கடல் தண்ணீர் பட்ட போல்ட்டு ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் குச்சி மாதிரி மெலிந்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு ஸ்பேனரைக்கூட மண்ணெண்ணெயில் துடைக்காமல் பெட்டியில் வைத்ததில்லை. வீட்டு வாளியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், சோப்பு நுரைக்காது, தலைமுடி கொட்டும் என்று அவர் மனைவி ராஜகனி கடைசிவரை இந்தத் தண்ணீரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் நேற்றுப் புளித்தண்ணீரை ஊற்றிக் கொட்டியதும் கை தானாகப் போய்க் கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டது. தினமும் செய்கிற கை. அதற்கு என்ன தெரியும்.

மகள் இசக்கி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "எந்தத் தண்ணியில கழுவுனிய?" என்றாள். அவர் குழாயைக் காட்டினார். அவள் தம்ளரைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுச் சிரித்தாள். "எப்பா, அந்தத் தண்ணியில நனைச்ச துணி காஞ்சாலே உப்புப் பூக்கும். தண்ணியில உப்பு எவ்வளவுன்னு அளக்கத்தான் திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன். முதல்ல நம்ம வீட்டுத் தண்ணிய அளந்திருக்கணும்." அவரும் சிரித்தார். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பையும் ஒரு தலையணையுமாகத் திருப்பூரில் புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கியவள், இப்போதுதான் பல் தெரியச் சிரிக்கிறாள் என்று நினைத்தார். அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. "கேன் தண்ணி இருக்கு, எடுத்துக்கங்க. நான் வேற கேன் சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தலையணையை எதற்காக அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. அவளும் சொல்லவில்லை. "இனி அங்க போகல" என்றாள், அவ்வளவுதான். அவர் சரி என்றார். கேட்டிருக்க வேண்டுமோ. கேட்டால் சொல்லியிருப்பாளோ. ராஜகனி இருந்தால் கேட்காமலே தெரிந்துகொண்டிருப்பாள், ஊரெல்லாம் பெண்கள் அவளிடம்தானே எல்லாவற்றையும் சொன்னார்கள். குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடும்போது அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியும். சத்தங்கள்தான் அவருக்குத் தெரியும்.

புதிதாகப் புளி ஊறவைத்து, கேன் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பெட்ரோல் குழாய் மாட்டுகிற துளையில் ரப்பர் அடைப்பை வைத்து அழுத்தி, உள்ளே ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுப் புளித்தண்ணீரை ஊற்றினார். வாயைத் துணியால் மூடி, டேங்கை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆட்டத் தொடங்கினார். நட்டுகள் தகரத்தில் உரசி உரசித் துருவைச் சுரண்டும். அவசரப்படக் கூடாது, அடித்துக் குலுக்கக் கூடாது, மூலை முடுக்கெல்லாம் போய்வர நேரம் கொடுத்து ஆட்ட வேண்டும். கலகலவென்ற சத்தம் பக்கத்து வீட்டுச் சுயம்புவை இழுத்துக்கொண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தலை மட்டும் தெரிந்தது. "என்ன அண்ணாச்சி, நேத்தும் புளி, இன்னைக்கும் புளி. டேங்குக்குள்ளயா குழம்பு வைக்கிய?" என்றார். "ஆமா, மீன் கொண்டு வா" என்றார் தனபால். "நான் கொண்டு வருவேன். அந்த நட்டெல்லாம் யார் பல்லுல மாட்டும்?" சுயம்பு போகாமல் நின்றார். "மதினி வண்டிதானே? பேசாம ஒரு புது வண்டி தவணையில எடுத்துக் குடுத்துட்டுப் போங்களேன்." தனபால் டேங்கை ஆட்டிக்கொண்டே இருந்தார். புது வண்டிக்கு இசக்கி சம்மதிக்கவில்லை. இந்த வேலை நிலைக்குமா என்று தெரியட்டும், அதுவரை அம்மா வண்டி போதும் என்றுவிட்டாள். வேலை நிலைக்குமா என்றுதான் சொன்னாள். நான் நிலைப்பேனா என்று கேட்டதுபோல இருந்தது. சுயம்புவின் தலை எப்போது மறைந்தது என்று அவர் கவனிக்கவில்லை. மடியில் கனம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய் வந்தது. இப்படித்தான் இசக்கியையும் ஆட்டியிருக்கிறார், சேலைத் தொட்டிலில், ஒரு கையால். ராஜகனி பேறுகால விடுப்பு முடிந்து, தடுப்பூசிப் பெட்டியை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கிராம சுகாதார நர்சு. இவருக்கு மத்தியானத்தோடு பம்ப் வேலை முடிந்துவிடும். பிள்ளையும் அடுப்பும் இவர் பாடு. ஒரு கை தொட்டிலில் இருக்கும், காது ரோட்டில் இருக்கும்.

அந்தக் காது. இன்ஜின்காரனின் காது என்று உப்பளத்தில் பெயர் எடுத்த காது. பம்பு இழுக்கிற சத்தத்தை வைத்தே வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ராஜகனியின் மொபெட் ரயில்வே கேட்டைத் தாண்டி வளையும்போதே, கொசு ரீங்காரம் மாதிரி ஒரு இழை மற்ற எல்லாச் சத்தங்களுக்கும் நடுவில் வந்து அவரைத் தொட்டுவிடும். அந்த இழை தடித்துக்கொண்டே வரும். பெட்டி காலியாக இருக்கிறதா, சைலன்சரில் கரி சேர்ந்திருக்கிறதா, அவள் கோபமாக வருகிறாளா, களைத்து வருகிறாளா, எல்லாம் அதிலேயே இருக்கும். கோபம் என்றால் வளைவில் வேகத்தைக் குறைக்க மாட்டாள். தெருவுக்குள் நுழைந்ததும் இவர் உள்ளே போய் ஏதாவது வேலையில் இருக்கிற மாதிரி நின்றுகொள்வார். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள், "ரசம் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு. காதையும் மூக்கையும் ரோட்டுலயா வச்சிருந்திய?" அவர் அடுப்பைத் துடைக்கத் தொடங்குவார். இருட்டின பிறகும் அந்த இழை வராத நாட்கள் எத்தனை. யாருக்காவது பிரசவ வலி கண்டிருக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைத்திருக்காது, கூடவே உட்கார்ந்திருப்பாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன. உப்பு லாரிகள் பின்விளக்கு இல்லாமல் நிற்கிற ரோடு. இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, நடுவில் மேடு, பிடித்துக்கொள்ள ஒரு மரம் கிடையாது. மொபெட் சத்தம் ஒவ்வொன்றும் தூரத்தில் அவளுடையதாகத் தொடங்கி, கிட்டே வரும்போது வேறு யாருடையதாகவோ ஆகும். வாசல் கேட்டுக்குப் போவார், வருவார். பிள்ளை அழும், ஆட்டுவார். ஒரு புயல் மழையில் அவள் வராமலே விடிந்தது. விடிந்தபிறகு வந்தாள், நனைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு. அன்றைக்குச் சத்தமே வரவில்லை. சத்தம் இல்லாமல் வந்து வாசலில் நின்றவளைப் பார்த்து அவர் பயந்து பின்வாங்கிவிட்டார். "நான்தான், பேயில்ல" என்றாள். அப்புறம், "பொம்பளப் பிள்ள. நல்லா இருக்கு" என்றாள், யாரோ ஒருத்தியின் குழந்தையைப் பற்றி.

கை வலித்தது. டேங்கைக் கீழே வைத்து, துணியை எடுத்து மோந்து பார்த்தார். புளியும் இரும்பும் கலந்த வாடைக்கு அடியில் பழைய பெட்ரோல் இன்னும் லேசாக இருந்தது. முந்தாநாள் டேங்கைக் கழற்றியபோது உள்ளே கொஞ்சம் மிச்சம் இருந்தது. ராஜகனி போட்ட பெட்ரோல், மூன்று வருஷமாக உள்ளேயே கிடந்து வார்னிஷ் வாடை அடித்தது. அதைக் கீழே கொட்ட மனமில்லாமல் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு வண்டிச் சங்கிலியில் மசி கெட்டியாகப் பிடித்திருந்தது, அதைக் கழுவ எடுத்தார், தீர்ந்துபோயிற்று. கழுவி முடித்தபிறகுதான் தீர்ந்தது என்பதே உறைத்தது. அவள் இந்த வண்டியில் விழுந்தெல்லாம் சாகவில்லை. மஞ்சள் காமாலை. எத்தனையோ பேருக்குக் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் துரத்தியவள், தன் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், இசக்கியும் அவள் வீட்டுக்காரனோடு திருப்பூருக்குப் பஸ் ஏறியபின், அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் காது பழக்கத்தில் ரோட்டுக்குப் போயிற்று. போய், திரும்பி வந்தது. இனிமேல் வரவேண்டிய சத்தம் ஒன்றும் இல்லை. அந்த நினைப்பு வந்தபோது தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி கழுத்தும் தோளும் லேசாயின. அன்று நன்றாகத் தூங்கினார். பெண்டாட்டி செத்த வாரத்தில் ஒரு மனுஷன் அப்படியா தூங்குவான். அந்தத் தூக்கம் அவ்வப்போது முள் மாதிரி எங்கேயோ குத்தும். காத்திருந்தது அவ்வளவு பாரமாகவா இருந்தது, அல்லது அவள்தானா பாரம். இல்லை, அவள் இல்லை. அவள் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். சொல்லச் சொல்ல வார்த்தை தேய்ந்து ஒன்றும் இல்லாமல் போகும்.

புளித்தண்ணீரைக் கொட்டினார். செம்மண் ஓடை மாதிரி சாக்கடைப் பக்கம் ஓடியது. நட்டுகள் ஒன்றொன்றாக வந்து விழுந்தன, ஒன்று மட்டும் உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு வர மறுத்தது. தலைகீழாக்கித் தட்டினார், சாய்த்து உருட்டினார். கடகடவென்று ஓடுகிறது, வாய்க்கு வந்ததும் ஒளிந்துகொள்கிறது. இசக்கிக்கு இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணையில் வேலை. அதுவும் அதே உப்பளத்து ரோட்டில், ராஜகனி போன அதே ரோட்டில், இன்னும் தள்ளி, கடலோரத்தில். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பிள்ளைக்கு இரண்டாம் ஷிப்டும் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் ஷிப்டு என்றால் இருட்டினபிறகுதான் புறப்படுவாள். லாரி. நாய். மேடு. டேங்கில் ஒரு துரு செதில் மிச்சம் இருந்தாலும் போதும், பெட்ரோலோடு போய் அடைத்துக்கொள்ளும், வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும். நிற்கிறாள். இருட்டில் வண்டியை உதைத்து உதைத்துப் பார்க்கிறாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். ஆகவே சுத்தமாக, ஒரு செதில் இல்லாமல் எடுக்க வேண்டும். ஆனால் துரு தின்ற இடத்தில் தகரம் எங்கே இருக்கும். துருவே தகரமாக நின்றுகொண்டிருக்கிற இடங்களும் உண்டு. அதைச் சுரண்டினால் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால். விழுந்தால் விழட்டும். நான் என்ன செய்யட்டும், பழைய டேங்க், கடைகளில் கிடைக்காத டேங்க். அவர் கை ஒரு கணம் நின்றது. நேற்று எந்தத் தண்ணீர் என்று யோசிக்காமல் குழாயைத் திறந்தது கையா, நானா. அந்த நினைப்பை அவர் முழுதாக நினைக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு டேங்கை ஓங்கித் தட்டினார். நட்டு வெளியே வந்து விழுந்தது.

ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை அலசினார், புளிப்பு நிற்கக் கூடாது. பிறகு கேன் தண்ணீரில் அலசினார். டார்ச் அடித்தார். சுத்தமாக இருந்தது. இனிப் பார்க்க வேண்டியது ஒழுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பிடிக்கத் தகரத்தின் வெளிப்புறம் சாக்பீஸ் தேய்த்துப் பார்ப்பது உப்பளத்துப் பழக்கம். ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் சாக்பீஸ் இல்லை. சாமி அலமாரியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து வந்து, காய்ந்த துணியால் டேங்கின் வயிற்றைத் துடைத்து, அடித்தையல் நெடுகப் பட்டையாகப் பூசினார். சுயம்புவின் தலை மறுபடியும் சுவருக்கு மேல் வந்தது. "குழம்பு முடிஞ்சு இப்ப பூசையா? டேங்குக்கு மட்டும்தான் பட்டையா, அண்ணாச்சிக்கு இல்லையா?" தனபால் அவரைப் பார்த்து விரலை உயர்த்தி, பேசாதே என்று காட்டினார். என்னவோ ஏதோ என்று சுயம்பு இறங்கிப் போய்விட்டார். கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, டேங்கை இரண்டு செங்கல் மேல் வைத்துவிட்டு, எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கோழி ஒன்று வந்து கொட்டிக் கிடந்த புளியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. வெள்ளையாகவே இருக்கிறது. அப்படியென்றால் ஆயிற்று. காயவைத்து, உள்ளே எண்ணெய் சுழற்றி, மாட்டி, திங்கட்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்தபின் மறுபடியும் வாசல் கேட்டுக்கு. இந்த வயதில். இப்போது காதும் பழைய காது இல்லை, இடது பக்கம் மந்தம், எல்லா மொபெட்டும் இப்போது ஒரே மாதிரி. அவர் மூச்சை இழுத்துவிட்டபோது, அடித்தையலின் ஓரத்தில், குழாய்த் துளைக்குக் கொஞ்சம் தள்ளி, திருநீற்றில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. எள்ளளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிளகளவு ஆயிற்று. கட்டைவிரலால் துடைத்து, மறுபடியும் திருநீறு பூசினார். அதே இடத்தில் மறுபடியும் வந்தது.

துருதான் இத்தனை நாளும் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவருக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக உட்கார்ந்தது. வருத்தம் அப்படி உட்காராது. 'இது ஆகாது, இசக்கி. தகரம் செத்துப்போச்சு.' இவ்வளவு சொன்னால் போதும். அப்பா இன்ஜின்காரர், அப்பா சொன்னால் அதற்குமேல் அவள் யாரிடமும் கேட்க மாட்டாள். பொய்யும் இல்லை. பெட்ரோல் ஒழுகுகிற வண்டியில் பிள்ளையை ஏற்றி அனுப்ப முடியுமா. 'இது ஆகாது, இசக்கி.' வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. பின்னால் கொலுசு இல்லாத அந்தக் காலடி கேட்டது. தலைக்குக் குளித்து முடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு இசக்கி வந்து நின்றாள். டேங்கைப் பார்த்தாள், பூசிய திருநீற்றைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா, ஒழுகுதா?" அவர் புள்ளியைக் காட்டினார். "இது" என்று தொடங்கினார். அவர் முடிக்கக் காத்திருக்காமல் அவளே சொன்னாள், "சரி, விடுங்க. ஆகலன்னா என்ன. அவங்ககிட்ட போன் பண்ணி வரலன்னு சொல்லிருதேன்." சொல்லிக்கொண்டே தலையிலிருந்த துண்டை அவிழ்த்தாள். குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம் இல்லை. அது ஒரு படி இறங்கிற்று, அவ்வளவுதான். பாரம் ஏறும்போது இன்ஜின் திணறுகிற சத்தம் வேறு. திணறாமலே, இனி இழுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் சுற்று குறைந்து குறைந்து தானாக அணைகிற சத்தம் வேறு. அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்டால் எங்கே இருந்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும் பம்ப் அறைக்கு ஓடுவார். 'இனி அங்க போகல' என்று நாலு மாதத்துக்கு முன் வாசலில் நின்று அவள் சொன்னபோது வந்ததும் இதே சத்தம்தான். அப்போது அவர் சரி என்று சொன்னார்.

"ஆகாதுன்னு யாரு சொன்னா?" என்றார். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை. "ஊசிமுனை ஓட்டை. பத்தவச்சா வண்டி இருக்கிற வரைக்கும் கிடக்கும்." அவள் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நிசமாவா? எனக்காவச் சொல்லுதியளா?" "உனக்காவ எதுக்குச் சொல்லணும். ரயில்வே கேட்டுப் பக்கத்துல காஸ் வெல்டிங் கடை இருக்கு. நான் கொண்டு போறேன்." "நீங்க காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல. நான் போறேன்" என்று டேங்கைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டினாள். கொட்டிய தண்ணீர் தெளிவாக இருந்தது. "அந்தாளுகிட்டச் சொல்லு, வாய அடைச்சுக் கவுத்து வச்சு, பெட்ரோல் குழாய்த் துளை வழியா ஓட்டை கிட்ட வரைக்கும் தண்ணி நிரப்பிட்டுத்தான் நெருப்பு காட்டணும். பெட்ரோல் இருந்த டேங்க். மறக்காம சொல்லு. நீ தள்ளி நில்லு." "சரிப்பா." "கிட்ட நின்னு வேடிக்கை பாக்காத." "சரின்னு சொல்லுதேன்லா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், சேலை மாற்றி, ஈர முடியை அப்படியே முடிந்து, டேங்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். முனையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். டேங்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஆட்டோ போயிற்று.

தனபால் வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்து செங்கற்களை எடுத்துச் சுவரோரம் அடுக்கினார். கையெல்லாம் திருநீறும் துருவும். சோடா போட்டு அலசியதுதானே, ஒன்றும் ஆகாது. வெல்டிங்காரன் தெரிந்தவன்தான். தெரிந்தவன்தான், ஆனால் அவசரக்காரன், தண்ணீர் எதற்கு, இதெல்லாம் காய்ந்த டேங்க் என்று சொல்கிறவன். இவள் வற்புறுத்திச் சொல்வாளா. சொல்வாள். தள்ளி நிற்பாளா. அவர் உள்ளே போனார். சட்டியில் பழைய சோறு இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. ஃபேன் சத்தம் காதை அடைத்தது, அதை நிறுத்திவிட்டு நாற்காலியை வாசல் நிலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வலது காது தெருப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். வெயில் ஏறியிருந்தது. முனையில் ஒரு ஆட்டோ வளைகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தார், அது நிற்காமல் போயிற்று. எந்த ஆட்டோவில் திரும்பி வருவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும். எல்லாமே ஒரே சத்தம் போடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எழுந்துதான் பார்க்க வேண்டும். அடுத்தது வந்தது. எழுந்தார்.